உடன் ஏறியவர்கள்

1928 ஆகஸ்ட் 4 அன்று, ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்குக்கு அருகே, நான்கு பேர் ஒரு பாறை முகட்டை முதன்முதலாக முழுவதும் கடந்தார்கள். ‘சாத்தானின் ஊசிகள்’ என்பது பிரெஞ்சில் அந்த முகட்டின் பெயர். 4248 மீட்டர் உயரமுள்ள மோன் பிளாங் து தக்குல் சிகரத்திலிருந்து தென்கிழக்காக இறங்கும் முகடு அது. அதன்மேல் ஐந்து பாறை ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. ஐந்துமே 4000 மீட்டருக்கு மேல். ஒன்றில் ஏறி, மறுபுறம் கயிற்றில் இறங்கி, நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் கால் ஊன்றி, அடுத்ததில் ஏற வேண்டும். ஐந்தாவது ஊசி மட்டும் வரிசையை விட்டுச் சற்று விலகி நிற்கிறது. அதன் பெயர் இசோலே, அதாவது தனித்து நிற்பவள். பிரெஞ்சில் ஊசி பெண்பால்.

ஊசிகளில் தனித்தனியே ஏறுவது அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே நடந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் கோத்துச் சிகரத்தைத் தொட்டவர்கள் இந்த நால்வர்தான்: ஆர்மோன் ஷார்லே, ஜார்ஜ் கஷா, மிரியம் ஓ’ப்ரையன், ராபர்ட் அண்டர்ஹில். முதல் இருவரும் ஷமோனி பள்ளத்தாக்கைச் சேர்ந்த தொழில்முறை வழிகாட்டிகள். மற்ற இருவரும் அவர்களுக்குக் கூலி கொடுத்து அழைத்துச்சென்ற அமெரிக்கர்கள். நால்வரில் ஒருவர் பெண்.

இந்தச் செய்தியை வைத்து நான் கேட்க விரும்பும் கேள்வி எளிமையாகத் தோன்றுவது. மிரியம் ஓ’ப்ரையன் அந்த முகட்டில் ஏறினாரா, ஏற்றப்பட்டாரா?

கேள்வி அவமரியாதையாக ஒலிக்கலாம். ஆனால் இதைத் தன்னிடமே கேட்டுக்கொண்டவர் மிரியம்தான். அவர் கேட்டது மலையைப் பற்றி மட்டுமானது என்றால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. இன்னொருவரோடு சேர்ந்து செய்த காரியத்தில் என் பங்கு எது, அது என்னுடையது என்று நான் எப்போது சொல்லலாம் என்பது, ஆண்களுக்கு நடுவில் வேலை செய்கிற, படிக்கிற, எழுதுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கடம்.

மலையேற்றப் பதிவுகளுக்கென்று ஓர் எழுத்து வழக்கம் உண்டு. பணம் கொடுத்தவரின் பெயர் முதலில் வரும். பிறகு, ‘இன்னின்ன வழிகாட்டிகளுடன்’ என்று வரும். இந்த ‘உடன்’ கவனிக்க வேண்டிய உருபு. வாக்கியத்தில் வினைமுற்று எழுவாயைப் பார்த்துத்தான் திரும்பும். ‘உடன்’ ஏற்ற பெயருக்கென்று தனியாக ஒரு வினை கிடையாது. அவர் வந்தார், இருந்தார், அவ்வளவுதான். ‘கணவருடன் ஏறினார்’ என்று ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது எழுவாய் அவள்தானே, அப்படியானால் அவளுக்குத்தானே பெருமை என்று கேட்கலாம். இங்கேதான் நம் பழைய இலக்கணம் குறுக்கே வருகிறது. ‘ஒடு’ உருபு இருவரில் உயர்ந்தவரைச் சேரும் என்கிறது தொல்காப்பியம். அரசனோடு வீரர்கள் வந்தார்கள் என்பதே முறை; வீரர்களோடு அரசன் வந்தான் என்றால் இடிக்கும். அந்தக் கணக்கில் ‘வழிகாட்டிகளோடு ஏறினார்கள்’ என்று எழுதிய ஆல்ப்ஸ் கனவான்கள் தம்மை அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார்கள். ‘கணவரோடு ஏறினார்’ என்பதும் தான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறது. உருபு எந்தப் பக்கம் சேர்ந்தாலும் இரண்டு பெயர்களும் ஒரே தட்டில் நிற்பதில்லை.

‘முதல்’ என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. தமிழில் அது வரிசையில் முன்னால் நிற்பதையும் குறிக்கும், கையில் போட்ட பணத்தையும் குறிக்கும். ஆல்ப்ஸில் முதல் ஏற்றம் யாருடையது என்று பார்த்தால் முதல் போட்டவருடையது. கிரேப்போன் என்ற 3482 மீட்டர் பாறைச் சிகரத்தில் 1881இல் முதலில் ஏறியவராக ஆல்பர்ட் மம்மரி என்ற ஆங்கிலேயர் பெயர் நிலைத்திருக்கிறது. அந்த வழியிலேயே கடினமான இடம், பாறையில் நெட்டுக்குத்தாக ஓடும் ஒரு வெடிப்பு. அதில் முன்னால் ஏறிக் கயிற்றை மேலே கொண்டுபோனவர் பெனடிக்ட் வெனெட்ஸ் என்ற சுவிஸ் வழிகாட்டி. வெடிப்புக்கு இன்றும் ‘மம்மரி வெடிப்பு’ என்றுதான் பெயர். இதே வழக்கம் பெண்களுக்கும் பலன் கொடுத்திருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. இத்தாலியின் டோலமைட் மலைகளில், சிங்க்வே தொர்ரி பாறைக் கூட்டத்தில், 1927இல் திறக்கப்பட்ட ஒரு வழிக்கு ‘வியா மிரியம்’ என்று பெயர். நம் மிரியம்தான். வழியைக் கண்டு முன்னால் ஏறியவர்கள் டிமாய் குடும்பத்து வழிகாட்டிகள். பெண்ணின் பெயர் பாறையில் ஏறியதற்காக நான் மகிழலாம். வெனெட்ஸுக்கு நடந்தது அநியாயம் என்றால் டிமாய்களுக்கு நடந்ததும் அதுவேதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மம்மரியின் பெயர் வந்ததால் அவர் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்தின் டேஷ்ஹார்ன் 4491 மீட்டர் உயரம். அதன் தென்மேற்கு முகட்டுக்கும் சாத்தான் பெயர்தான். டாய்ஃபெல்ஸ்கிராட், ஜெர்மனில் சாத்தானின் முகடு. உளுத்துப்போன பாறை, கை வைத்த இடம் பெயர்ந்து வரும் வகை. 1887இல் அதில் முதலில் ஏறிய குழு: மேரி மம்மரி, ஆல்பர்ட் மம்மரி, வழிகாட்டிகள் அலெக்சாண்டர் புர்கெனர், ஃபிரான்ஸ் ஆண்டன்மாட்டன். சாத்தான் பெயர் கொண்ட முகடுகளில் பெண்கள் முதல் குழுவில் இருந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

கணவர் எழுதிய மலையேற்ற நூல் 1895இல் வெளிவந்தபோது, அதில் டாய்ஃபெல்ஸ்கிராட் பற்றிய அத்தியாயத்தை எழுதியவர் மேரி. அந்த அத்தியாயத்தில் ஒரு கிண்டல் ஓடுகிறது. செங்குத்துப் பாறையில் பெண் தகுந்த துணையாக மாட்டாள் என்று ஆண் மனம் நம்புகிறது, அவள் கீழே உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தால் போதும் என்று நினைக்கிறது என்கிறார். வழிகாட்டி புர்கெனர் பேய் உண்டு என்று நம்புகிறவர். பெண்ணால் மலையேற முடியும் என்றும் நம்புகிறவர். இரண்டு விசித்திர நம்பிக்கைகளையும் மேரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார். அதைவிட நன்றாக அந்த மனிதரை அறிமுகப்படுத்த முடியாது.

அதே நூலில் கணவர் கிரேப்போன் பற்றி எழுதிய பகுதியின் தலைப்பில், மலைகள் கடந்துபோகும் மூன்று கட்டங்களைப் பற்றிய ஒரு பழைய வேடிக்கை இருக்கிறது: எட்டவே முடியாத சிகரமாகத் தொடங்கி, ஆல்ப்ஸின் மிகக் கடினமான ஏற்றமாக மாறி, கடைசியில் ஒரு சீமாட்டியின் சுலபமான பொழுதுபோக்காக முடிவது. லில்லி பிரிஸ்டோ என்ற பெண் 1893இல் மம்மரியோடும் நண்பர்களோடும், கூலி வழிகாட்டி யாருமின்றி, கிரேப்போனைக் கடந்திருந்தார். ஒரு பெண் ஏறியது மலையின் வீழ்ச்சிக்குச் சான்றாகிவிட்டது. பெண்ணின் திறமைக்குச் சான்றாக அதைப் படிக்கும் வழி திறந்தே இருந்தது. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

நூல் வந்த அதே ஆண்டில் மம்மரி நங்கா பர்பத்தில் காணாமல்போனார், ‘இரண்டு கூர்க்காக்களுடன்’. ரகோபீர் தாப்பா, கோமன் சிங் என்பவை அவர்கள் பெயர்கள்.

இனி மிரியம். 1898இல் பிறந்தவர், பிரின் மார் பெண்கள் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்தவர், ஆண்டுதோறும் கோடையில் ஐரோப்பா போய் மலையேறுமளவு வசதி உடையவர். சாத்தானின் ஊசிகளைக் கடந்தபோது அவருக்கு முப்பது வயது. அன்று வழிநடத்திய ஷார்லே அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வழிகாட்டிகளில் ஒருவர். பின்னாளில் எகுய் வெர்த் என்ற ஒரே சிகரத்தில் மட்டும் நூறு முறை ஏறியவர். ஷார்லேக்குப் பின்னால் ஏறுவது பெருமைக்குரியதுதான். ஆனால் மிரியத்துக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கயிற்றில் முன்னால் போகிறவருக்குத்தான் உண்மையான சுவாரசியம் என்று அவர் பின்னாளில் எழுதினார். அடுத்த கைப்பிடி எங்கே, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, திரும்பிவிடலாமா என்ற கேள்விகளெல்லாம் அவர் முன்னால்தான் நிற்கின்றன. பின்னால் வருகிறவருக்குக் கிடைப்பது விடை.

பெண்கள் ஏன் முன்னால் ஏற முடியாது என்று அவருக்கு விளக்கியவர் ஆன்ரி து செகோஞ்ஞ் என்ற பிரெஞ்சு மலையேறி. அவருடைய வாதம் பாடப்புத்தகத்தில் வைக்கத்தக்கது. முன்னால் ஏறுவதற்கு நிறையக் கற்க வேண்டும். திறமையானவர்களைக் கூர்ந்து பார்த்து, அவர்கள் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் அப்படிப் பார்ப்பதில்லை. எப்படியும் தங்களை முன்னால் விடப்போவதில்லை என்று தெரிந்திருப்பதால் இயற்கைக் காட்சியை ரசித்துக்கொண்டு பின்னால் வருகிறார்கள். ஆகவே வாய்ப்புக் கொடுத்தாலும் அவர்களால் முடியாது. ஆகவே கொடுக்க வேண்டியதில்லை.

வட்டம் எங்கே மூடுகிறது என்று பாருங்கள். விடமாட்டோம் என்பதால் கற்பதில்லை, கற்காததால் விடமாட்டோம். தொடங்கும் இடம் ‘விடமாட்டோம்’தான், ஆனால் வாதம் முடியும்போது அது பெண்ணின் குறையாகிவிடுகிறது. இந்த வாதத்தில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் இதன் நச்சு. எப்படியும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்த கூட்டத்தில் நான் தயாரித்துக்கொண்டு போவதில்லை. எப்படியும் அவர்தான் ஓட்டப்போகிறார் என்று தெரிந்தால் யாரும் வழியை மனத்தில் குறித்துக்கொள்வதில்லை. முடக்கப்பட்ட இடத்தில் ஆசையும் கவனமும் தாமாகவே சுருங்கிக்கொள்கின்றன. பிறகு அந்தச் சுருக்கத்தைக் காட்டி, இவள் இயல்பே இது என்கிறார்கள்.

செகோஞ்ஞின் வாதம் மிரியத்தை அசைக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டபோது அவருக்கு வேறொன்று தெளிவாகியது. பெண் உண்மையிலேயே வழிநடத்த வேண்டுமென்றால், ஏற்றத்தின் முழுப் பொறுப்பும் அவளுடையதாக வேண்டுமென்றால், அந்தக் குழுவில் ஆண் ஒருவர்கூட இருக்கக் கூடாது. இதை அவர் சினத்தில் சொல்லவில்லை. அவர் வழிகாட்டிகளை நேசித்தவர், ஆண் நண்பர்களோடு சிரித்துப் பேசி ஏறியவர். வாதம் தர்க்கரீதியானது: நெருக்கடி வந்தால் அந்த ஆண் முன்னால் பாய்ந்து பொறுப்பை எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்வார் என்று அவளுக்கும் தெரியும். அது தெரிந்திருக்கும்வரை அவள் கையில் இருப்பது இரவல் பொறுப்பு.

இதை நான் முழுமையாக ஏற்கிறேன். கார் ஓட்டப் பழகிய பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் கணவரோ அண்ணனோ உட்கார்ந்திருப்பார். வாய் திறக்கமாட்டார், நல்லவர். ஆனால் எதிரே லாரி வந்தால் அவர் வலது கால் தானாகவே தரையை அழுத்தும், அங்கே பிரேக் இல்லாவிட்டாலும். அந்தக் காலைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே அவள் ஓட்டுவாள். சாலையைப் பார்க்க வேண்டிய கவனத்தில் ஒரு பங்கு அந்தக் காலுக்குப் போய்விடுகிறது. தீர்மானம் என்பது திரும்ப எடுத்துக்கொள்ள ஆளில்லாத இடத்தில்தான் தீர்மானமாகிறது. ஒருவருக்குத் தன் தீர்மானத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் அது ஒன்றே வழி.

1929 ஆகஸ்டில் மிரியம், முதலில் வினிஃப்ரெட் மார்ப்பிள்ஸுடன் எகுய் து பெய்ஞ்ஞிலும், சில நாட்களில் அலிஸ் தமேமுடன் அதே கிரேப்போனிலும் ஏறினார். ஆண் யாருமில்லை. மம்மரி வெடிப்பில் அன்று யார் முன்னால் ஏறினாலும் அவர் ஒரு பெண்ணாகத்தான் இருந்திருப்பார். கீழே எட்டியன் ப்ரூல் என்ற மலையேறி வருந்தினாராம்: கிரேப்போன் மறைந்துவிட்டது, பாறைகள் அங்கேயே நிற்கின்றன, ஆனால் இரண்டு பெண்கள் தனியாக ஏறிவிட்ட பிறகு மானமுள்ள ஆண் எவனும் அதில் கால் வைக்க முடியாது, நல்ல ஏற்றமாக இருந்ததே என்று. பாதி நகைச்சுவைதான். ஆனால் மம்மரி நூலின் தலைப்பில் இருந்த வேடிக்கை 34 ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். பெண் தொட்டால் மலை உயரம் குறைகிறது. 1932இல் மிரியமும் அலிஸும் மாட்டர்ஹார்னில் ஏறினார்கள். 1934இல் மிரியம் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழில் ஆணில்லா ஏற்றங்களைப் பற்றி எழுதினார். லண்டனின் ஆல்பைன் கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

இதுவரை கதை நமக்கு வசதியாகவே போகிறது. எனக்கு மிரியத்தோடு ஒரு தகராறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பாராட்டுவது அவருக்கு மரியாதையாகாது.

முன்னால் ஏறுபவரே உண்மையில் ஏறியவர் என்ற அளவுகோலை அவர் எங்கிருந்து எடுத்தார்? செகோஞ்ஞிடமிருந்து, மம்மரியிடமிருந்து, அந்தக் கனவான் உலகத்திடமிருந்து. அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டு, அதில் பெண்ணும் தேறுவாள் என்று காட்டினார். காட்டியது பெரிய காரியம். ஆனால் அந்தக் கோலால் அளந்தால் 1887இன் மேரி மம்மரி மூட்டை. 1928இன் மிரியமும் மூட்டை. பின்னால் வந்த அத்தனை பேரும், வரலாற்றில் அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இழுத்து வரப்பட்டவர்கள்.

பாறையின் அமைப்பைப் பார்த்தால் இது சரியில்லை என்று நினைக்கிறேன். செங்குத்தான சுவரில் முன்னவருக்கும் பின்னவருக்கும் உள்ள வேறுபாடு உண்மைதான். பின்னால் வருபவரின் கயிறு மேலிருந்து வருகிறது. கை நழுவினால் ஒரு முழம் சரிந்து தொங்குவார். முன்னவருக்கு மேலே கயிறில்லை. தன் துணையிடமிருந்து பத்து மீட்டர் மேலே போய் நழுவினால், அந்தப் பத்து மீட்டரும் விழுந்து, அதற்குக் கீழே இன்னொரு பத்து மீட்டரும் விழ வேண்டும். 1920களில் இருந்தது நார்க்கயிறு. நைலான் பின்னால் வந்தது. அப்படிப்பட்ட விழுச்சியை அந்தக் கயிறு தாங்கும் என்று யாரும் நம்பவில்லை. முன்னால் ஏறுபவர் விழக் கூடாது என்பதே விதி. அந்த அச்சத்தோடு தீர்மானம் எடுப்பவருக்குத் தனி இடம் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் சாத்தானின் ஊசிகள் சுவரில்லை, முகடு. முகட்டில் கயிறு மேலும் கீழுமாக மட்டும் ஓடாது, பக்கவாட்டிலும் ஓடும். பக்கவாட்டில் போகும்போது பின்னால் வருபவர் நழுவினால் கடிகார ஊசல்போல் வீசப்பட்டுப் பாறையில் மோதுவார். முன்னவருக்கு இருக்கும் ஆபத்துக்கு அது அதிகம் குறைந்ததில்லை. ஓர் ஊசியிலிருந்து இறங்கும்போது வரிசை தலைகீழாகிறது. முதலில் இறங்குபவரை மேலே உள்ளவர் கயிற்றில் பிடித்துக்கொள்ளலாம். கடைசியாக இறங்குபவரைப் பிடிக்க மேலே யாருமில்லை. இறங்கியதும் கயிற்றை உருவிக்கொள்வார்கள், அதோடு வந்த வழி மூடிவிடும். இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள இடத்தில் எல்லோரும் சேர்ந்து நகரும்போது யாருடைய சறுக்கலும் எல்லோருடைய சறுக்கல். அங்கே பின்னால் வருகிறவர் இயற்கைக் காட்சியைப் பார்த்துக்கொண்டு வர முடியாது. கயிறு எவ்வளவு தளர வேண்டும், எப்போது இறுக வேண்டும், எந்தப் பாறைக்குப் பின்னால் அதைச் சுற்றிப் போட வேண்டும் என்று ஒவ்வொரு கணமும் தீர்மானித்துக்கொண்டே வர வேண்டும். டாய்ஃபெல்ஸ்கிராடின் உளுத்த பாறையில் கால் வைக்குமிடமெல்லாம் மேரி எடுத்த தீர்மானங்கள்தான் மற்ற மூவரின் உயிரைக் காத்தன. அவர்கள் எடுத்தவை அவரைக் காத்தன.

இதற்கு எதிர்ச்சான்று மாட்டர்ஹார்னில் இருக்கிறது. 1865இல் ஹோர்ன்லி என்ற பாறை முகட்டு வழியாக ஏழு பேர் முதலில் ஏறினார்கள். இறங்கும்போது டக்ளஸ் ஹேடோ என்ற அனுபவமில்லாத இளைஞர் சறுக்கி வழிகாட்டி மிஷெல் க்ரோஸ் மேல் விழுந்தார். இருவரும் சேர்ந்து மேலும் இருவரை இழுத்தார்கள். கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர். உயிர் பிழைத்தவர்கள் எட்வர்ட் விம்பரும், தந்தையும் மகனுமான டாவ்க்வால்டர் வழிகாட்டிகள் இருவரும். முதல் ஏற்றத்தின் புகழ் விம்பருக்குப் போயிற்று. கயிற்றை அறுத்துவிட்டார் என்ற பழி கிழவர் டாவ்க்வால்டருக்குப் போயிற்று. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. ஊர் வாயை அது மூடவில்லை. புகழும் பழியும் ஒரே கயிற்றில் எதிரெதிர்த் திசையில் ஓடின. புகழ் பணம் இருந்த பக்கம், பழி பணம் இல்லாத பக்கம். முன்னால் ஏறியவர் யார் என்ற கேள்வி இந்த இரண்டு பங்கீட்டிலும் எந்த உதவியும் செய்யவில்லை.

ஆகவே மிரியத்தின் வாதத்தில் இரண்டு சரடுகளைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். பொறுப்பு நம்முடையதாக வேண்டுமென்றால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியவர் அருகில் இருக்கக் கூடாது என்பது ஒன்று. அது சரி. பொறுப்பு என்பது முன்னால் இருப்பவரிடம் மட்டுமே இருக்கிறது என்பது இன்னொன்று. அது தவறு, அவரே கடந்த முகடு அதை மறுக்கிறது. பெண்கள் மட்டும் கூடும் இடங்களைப் பற்றி நமக்குள் நடக்கும் சண்டைகளில் இந்த இரண்டும் குழம்பிவிடுவதைப் பார்க்கிறேன். பெண்கள் மட்டுமே இருக்கும் வாசிப்பு வட்டம், பெண்கள் மட்டுமே நடத்தும் சங்கம் எதற்கு என்று கேட்டால், எங்களாலும் தலைமை தாங்க முடியும் என்று நிரூபிக்க என்கிறோம். யாருக்கு நிரூபிக்க? ப்ரூலுக்கா? அவர் மலையே மறைந்துவிட்டது என்பார். எனக்கு அந்த இடங்கள் தேவைப்படுவது வேறு காரணத்துக்காக. அங்கே தலைவியாக இருந்தாலும் கடைசி வரிசையில் கயிறு பிடித்தாலும், நான் எடுக்கும் முடிவை நானே எடுத்தேனா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, பெண்ணிய வாசகிகளுக்குக் கசக்கும் ஒரு செய்தி. மிரியம் ராபர்ட் அண்டர்ஹில்லைத் திருமணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு ஆணில்லா ஏற்றத்தைத் தொடரவில்லை. 1956இல் வந்த தன் நூலில், ஆணில்லா ஏற்றம் கொஞ்ச காலத்துக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் இந்த ஏற்பாடு அதைவிட மேல் என்ற பொருளில் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார்.

இதைப் படித்து முகம் சுளிக்கும் தோழிகளை அறிவேன். கல்யாணம் ஆனதும் கொள்கை போயிற்று என்ற பழக்கமான கதை. மறுபக்கத்தில், பார்த்தாயா, கடைசியில் அவளே சொல்லிவிட்டாள் என்பவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: பிரிந்து நின்றது ஒரு கொள்கை என்றால் அது சாகும்வரை நீள வேண்டும், முடிந்துவிட்டால் அது கொள்கையே இல்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீச்சல் தெரிந்த பின் கரையோரமே நிற்பவரை யாரும் உறுதியானவர் என்று சொல்வதில்லை. 1928இல் ராபர்ட்டோடு அதே முகட்டில் போன மிரியமும், மாட்டர்ஹார்னில் வழிநடத்தி வந்த பிறகு ராபர்ட்டோடு போன மிரியமும் ஒரே ஆள் இல்லை. இரண்டாவது மிரியம் பின்னால் வந்தால், அவரால் முன்னால் போக முடியாது என்று அவரும் நினைக்கமாட்டார், முன்னால் போகிறவரும் நினைக்கமாட்டார். இருவருமே ஏறிய மலை அது.

இந்த விளக்கம் எனக்குத் திருப்தி தருகிறது. முழுத் திருப்தி தருவதில்லை. ராபர்ட் எதையும் விட்டுக்கொடுத்து வர வேண்டியிருக்கவில்லை. பெண்ணில்லா ஏற்றம் என்று அவர் எதற்கும் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை; அதற்கு வெறுமனே மலையேற்றம் என்று பெயர். அலிஸோடு மிரியம் போட்டிருந்த முடிச்சு அவிழ்ந்தபோது மலையேற்ற உலகத்துக்கு எந்த நஷ்டமும் தெரியவில்லை. சேர்ந்து ஏறுவதே மேல் என்று சொல்லும் சுதந்திரம், தனியே ஏறிப் பார்த்தவளுக்குத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தை எடுத்து மேற்கோள் காட்டுகிறவர்கள், அவள் தனியே ஏறிய மூன்று நான்கு கோடைக்காலங்களைக் காட்டுவதில்லை.

1960 டிசம்பரில், 62 வயதில், நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் அனைத்தையும் குளிர்காலத்தில் ஏறி முடித்தார் மிரியம். ராபர்ட்டும் சேர்ந்து முடித்தார். பட்டியலில் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன. தமிழில் அதை எழுதும்போது ‘உடன்’ தேவைப்படுவதில்லை. மிரியமும் ராபர்ட்டும் ஏறினார்கள். ‘உம்’ இரண்டு பெயருக்கும் பொது. வினைமுற்று பன்மையில் வந்து இருவரையும் ஏற்றுக்கொள்கிறது.

1928ஐயும் அப்படியே எழுதிப் பார்த்தேன்: ஷார்லேயும் கஷாவும் ஓ’ப்ரையனும் அண்டர்ஹில்லும் சாத்தானின் ஊசிகளைக் கடந்தார்கள். படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. முகட்டில் நடந்ததற்கு அது பொருந்துகிறது. ஆனால் அந்த நால்வரில் இருவர் மற்ற இருவரிடம் அந்த நாளுக்குக் கூலி வாங்கினார்கள் என்பதை நான்கு ‘உம்’களும் சேர்ந்து மூடிவிடுகின்றன. ஆகவே அதற்கு அடுத்து இன்னொரு வாக்கியம் எழுதுகிறேன். அதில் யார் எழுவாய் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.